வாசகர் கேள்வி–பதில்: சக்கரத்தின் முதுகில் இருக்கும் எண்

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): என் ஹேட்ச்பேக் காரில் தொழிற்சாலையிலிருந்து வந்த 5.5 ஜே (5.5 அங்குல) அகலமுள்ள 15 அங்குல இரும்புச் சக்கரங்களும் 185/65 ஆர் 15 டயர்களும் இருந்தன. இரண்டு மாதங்களுக்கு முன் 7 ஜே அகலமுள்ள 16 அங்குல அலாய் வீல்களும் 205/55 ஆர் 16 டயர்களும் மாற்றினேன். அதன் பிறகு பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் ஸ்டீயரிங் வெட்டி இழுக்கிறது. இடப்பக்கச் சக்கரங்கள் சாலையோர மணலில் இருக்கும்போது பிரேக் பிடித்தால் கார் வலப்பக்கம் திரும்பப் பார்க்கிறது. பின்னிருக்கையில் மூவர் அமர்ந்தால் பின் டயர் உரசுகிறது. இரண்டு முறை அலைன்மென்ட் பார்த்தும் எல்லா அளவுகளும் சரியாகவே இருக்கின்றன. பழைய சக்கரத்தில் இ.டி. 45 என்றும் புதியதில் இ.டி. 35 என்றும் பொறித்திருக்கிறது. குறை எங்கே இருக்கிறது?

பதில்: கடிதத்தின் முடிவில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த இரண்டு எண்களில்தான் இருக்கிறது. அலாய் வீல் வாங்கப் போகிறவர்கள் வடிவத்தைப் பார்க்கிறார்கள், அங்குலத்தைக் கேட்கிறார்கள், விலையைப் பேசுகிறார்கள். ஸ்போக்கின் முதுகுப் பக்கம் பொறித்திருக்கும் ஆஃப்செட்டை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

சக்கரத்தின் அகலத்துக்கு நடுவே ஒரு கோடு கிழித்ததாக வைத்துக்கொண்டால், அந்தக் கோட்டிலிருந்து ஹப்பின் (காரில் சக்கரத்தை முடுக்கும் நடுப்பாகத்தின்) மீது பொருந்தும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கமாகத் தள்ளியிருக்கிறது என்பதே ஆஃப்செட். அதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் சுருக்கம்தான் இ.டி. இந்த எண் குறையக் குறையச் சக்கரம் காரின் உடலைவிட்டு வெளியே வரும். உங்களுக்கு 45 என்பது 35 ஆகியிருப்பதால் சக்கரத்தின் நடுக்கோடு 10 மி.மீ. வெளியே வந்துவிட்டது. கூடவே ரிம்மின் அகலம் 1.5 அங்குலம், அதாவது 38 மி.மீ. கூடியிருக்கிறது; அதில் பாதி 19 மி.மீ. வெளிப்பக்கம் சேர்கிறது. ஆக, ரிம்மின் வெளிவிளிம்பு முன்பு இருந்த இடத்திலிருந்து 29 மி.மீ. தள்ளி நிற்கிறது. டயரின் வெளிக்கன்னம் (வெளிப்பக்கச் சுவர்) அவ்வளவு தள்ளவில்லை என்றாலும், நடுக்கோடு நகர்ந்த 10 மி.மீ.யும் டயர் அகலம் (டயர் அளவின் முதல் எண்) 185 மி.மீ.யிலிருந்து 205 ஆனதில் பாதியான 10 மி.மீ.யும் சேர்ந்து 20 மி.மீ. ஆகிறது. டயரின் விட்டமும் 621 மி.மீ.யிலிருந்து 632 மி.மீ. ஆகியிருக்கிறது. பின்னிருக்கை நிறைந்து ஸ்பிரிங் அமுங்கும்போது மட்கார்டின் உள்மடிப்பில் டயர் உரசுவது இதனால்தான்.

ஸ்டீயரிங் வெட்டுவது இன்னும் கவனிக்க வேண்டிய விஷயம். முன்சக்கரம் திரும்புவதற்கு ஓர் அச்சு உண்டு. ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூணின்) தலையிலிருந்து, சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் கையின் பந்து மூட்டு வழியாக அதைச் சாய்வாக நீட்டினால் தரையில் ஓரிடத்தைத் தொடும். அந்தப் புள்ளிக்கும் டயர் தரையில் பதியும் பகுதியின் நடுவுக்கும் உள்ள தூரத்தைக் காரை வடிவமைத்தவர்கள் மில்லிமீட்டர் கணக்கில் பார்த்து வைத்திருக்கிறார்கள். கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளினால் அசையாது, விளிம்பில் தள்ளினால் ஒரு விரலுக்கே திறந்துகொள்ளும் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். டயர் அந்த அச்சைவிட்டு விலக விலக, பள்ளம் கொடுக்கும் அடியும் பிரேக்கின் இழுப்பும் சக்கரத்தைத் திருப்பும் விசையாக மாறி உங்கள் கைக்கு வருகின்றன. டயர் பெரிதானதால் ஹப் 5 மி.மீ. உயர்ந்து, அச்சு தரையைத் தொடும் புள்ளி சுமார் 1 மி.மீ. வெளியே வரும் என்பது உண்மை. மீதி 9 மி.மீ. உங்கள் கணக்கில்தான் நிற்கிறது.

மணலில் நடப்பதும் இதன் தொடர்ச்சியே. இடச்சக்கரங்களுக்குப் பிடிப்பு இல்லாததால் வலப்பக்கப் பிரேக்கே அதிகம் பிடிக்கும். கார் இயல்பாகவே வலப்பக்கம் திரும்பப் பார்க்கும். டயரின் நடு அந்த அச்சுப் புள்ளிக்கு வெளியே இருந்தால், வலச்சக்கரமும் பிரேக் விசையால் வலப்பக்கமே திரும்பி அந்தப் போக்குக்கு உதவி செய்யும். உள்ளே இருந்தால் இடப்பக்கம் திரும்பி அதைத் தடுக்கும். 1972-இல் வெளிவந்த ஆடி 80 காரில் டயரின் நடு உள்ளே இருக்கும்படி வடிவமைத்ததற்கு இதுவே காரணம். பின்னர் வந்த பல முன்சக்கர இயக்கக் கார்கள் அந்த வழியைப் பின்பற்றின. அத்தகைய ஏற்பாட்டைத்தான் நாம் கடையில் அரை மணி நேரத்தில் கலைத்துவிடுகிறோம்.

அலைன்மென்ட் கருவி ஏன் இதைக் காட்டவில்லை என்று கேட்பீர்கள். அது டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது), கேம்பர் (சக்கரத்தின் பக்கச் சாய்வு), காஸ்டர் (திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) ஆகிய கோணங்களை அளக்கும் கருவி. உங்கள் சக்கரம் சாயவில்லை, திரும்பவில்லை, இருந்த கோணத்திலேயே வெளியே நகர்ந்திருக்கிறது; ஆகவே எத்தனை முறை அளந்தாலும் கோணங்கள் சரியாகத்தான் இருக்கும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. இது இப்படியே நீடித்தால் வீல் பேரிங் தேய்வதும் விரைவுபடும். நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொள்வதற்கும் கையை நீட்டிப் பிடித்துக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடு அது.

என் யோசனை, 16 அங்குல ஆசையை விட வேண்டாம். 6 ஜே அகலமும் இ.டி. 45-உம் உள்ள சக்கரங்களைத் தேடி, 195/55 ஆர் 16 டயர் போடுங்கள். நடுக்கோடு பழைய இடத்துக்கே வந்துவிடும், ரிம் இருபுறமும் 6 மி.மீ.தான் கூடும், விட்டமும் ஏறத்தாழ 621 மி.மீ.யாகவே இருக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: உங்கள் பழைய டயரில் 88 என்ற பளு எண் இருந்திருக்கும், அதாவது ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 195/55 ஆர் 16 டயரில் 87 என்று இருந்தால் 545 கிலோதான். அதே அளவில் 615 கிலோ தாங்கும் 91 எண் கொண்ட வலுவூட்டிய டயரும் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் அந்த இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் பேலன்சிங் செய்த பிறகும் நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும்.

எண் பொறிக்காத சக்கரமும் சந்தையில் உண்டு. அப்படியொன்று கையில் கிடைத்தால், டயர் இல்லாத ரிம்மை முகம் தரையைப் பார்க்கக் கவிழ்த்து, பின்விளிம்பின் மேல் நேரான சட்டம் ஒன்றை வைத்து, அதிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு விளிம்போடு விளிம்பு ரிம்மின் முழு அகலத்தை அளந்து, அதில் பாதியை முதல் அளவிலிருந்து கழியுங்கள். உங்கள் பழைய சக்கரத்தில் 127 மி.மீ. இருக்கிறது, முழு அகலம் 164 மி.மீ. என்றால், 127-இல் 82 போக 45. நான் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு தையல் டேப்பை வைத்து இப்படி அளந்தபோது, பொறித்திருந்த எண்ணுக்கு ஒரு மி.மீ. வித்தியாசத்தில் விடை வந்தது.

கேள்வி (மதுரை வாசகர்): வேகத்தடைகளில் அடிப்பகுதி இடிக்கிறது. சக்கரத்தை மாற்றாமல், 185/65 ஆர் 15-க்குப் பதிலாக 205/65 ஆர் 15 போட்டால் கார் உயரும் என்கிறார்கள். ஓட்டத்தில் பாதிப்பு வருமா?

பதில்: உயரும், ஆனால் 13 மி.மீ.தான்; ஒரு விரல் தடிமன்கூட முழுதாக இல்லை. அதற்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். டயரின் விட்டம் 4 விழுக்காடு கூடுவதால் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது முன்பைவிட 4 கி.மீ. கூடுதல் வேகத்தில் போவீர்கள். ஸ்பீடோமீட்டர்கள் உண்மை வேகத்தைவிடச் சற்றுக் கூட்டியே காட்டும்படி அமைக்கப்படுகின்றன என்பதால் அந்தப் பாதுகாப்பு இடைவெளி கரைந்துபோகிறது. எல்லா கியரும் சற்று நீண்டதுபோல் ஆகி, கொடைக்கானல் ஏற்றத்தில் இரண்டாம் கியரில் ஏறிய வளைவுக்கு முதல் கியர் கேட்கலாம். டயரின் கன்னம் 120 மி.மீ.யிலிருந்து 133 மி.மீ. ஆவதால், ஸ்டீயரிங்கைத் திருப்பிய பின் ரப்பர் முறுக்கிக்கொண்டு, ஒரு கணம் கழித்துத்தான் கார் திரும்பும். குழிகளில் சொகுசு கூடும் என்பது மட்டுமே லாபம்.

அகலமான டயர் மழையிலும் நன்றாகப் பிடிக்கும் என்ற நம்பிக்கையும் தவறு. காற்றழுத்தம் மாறாத வரை தரையில் பதியும் பரப்பு பெரிதாக மாறுவதில்லை; நீளவாட்டில் குறைந்து அகலவாட்டில் கூடுகிறது. தேங்கிய நீரின் மேல் போகும்போது அந்த அகலமான முகம் ஒதுக்க வேண்டிய தண்ணீரும் அதிகம் என்பதால், காய்ந்த சாலை வளைவில் கைகொடுத்த அதே டயர் மழைநீரில் சற்று முன்னதாகவே மிதக்கத் தொடங்கும். உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். உங்கள் நிலையில் நான் முதலில் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதா என்று பார்ப்பேன்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவே 15 மி.மீ. ஸ்பேசர் போட்டால் கார் நன்றாகத் தரையைக் கவ்வும் என்பது உண்மையா?

பதில்: இட, வலச் சக்கரங்களுக்கு நடுவிலான தூரம் 30 மி.மீ. கூடுவதால் வளைவில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பளு மாறுவது சிறிது குறையும், அவ்வளவுதான் உண்மை. மற்றபடி 15 மி.மீ. ஸ்பேசர் என்பது ஆஃப்செட்டை 15 குறைப்பதே, ஆகவே மேலே கோயம்புத்தூர் வாசகருக்கு ஆஃப்செட் குறைந்ததைப் பற்றி எழுதியவை எல்லாம் ஒன்றரை மடங்காக உங்களுக்கும் பொருந்தும். அதைவிட அஞ்ச வேண்டியது நட்டின் பிடி. 12 மி.மீ. போல்ட்டில் நட் குறைந்தது 12 மி.மீ. ஆழமாவது மரைக்குள் ஏற வேண்டும், மரைகளின் இடைவெளி 1.5 மி.மீ. என்றால் அது 8 முழுச் சுற்று. ஸ்பேசரை வைத்துவிட்டு நட்டைக் கையாலேயே முடுக்கிச் சுற்றுகளை எண்ணிப் பாருங்கள். ஐந்திலோ ஆறிலோ நின்றுவிட்டால், அதைக் கழற்றிக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.