கிணற்றுத் தண்ணீரும் கேஸ் கட்டும்: சுற்றுச்சூழல் வழக்கறிஞரின் பதில்கள்

சில வருடம் அரசுத் தரப்பு, அப்புறம் வேலூரில் சொந்த அலுவலகம் என்று இரண்டு பக்க நாற்காலியிலும் உட்கார்ந்தவன் நான். வந்த கேள்விகளில் ஐந்துக்கு மட்டும் இந்த முறை பதில்.

பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டேன். மூன்றாண்டு சட்டப் படிப்பில் சேர்ந்து சுற்றுச்சூழல் வழக்குகளுக்கு வர ஆசை. "அப்போ படிச்ச கெமிஸ்ட்ரி வீணா?" என்கிறார் அப்பா. (குடியாத்தம்)

அப்பாவுக்கு நம்ம ஊர்த் தீர்ப்பையே காட்டுங்கள். தோல் ஆலைக் கழிவுகளை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாடும் கேடு முழுதாக நிரூபணமாகும் வரை காத்திராமல் முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் இந்தியச் சட்டத்தில் வேரூன்றியது அதில்தான். நாட்டில் எந்த மூலையில் சுற்றுச்சூழல் வழக்கு நடந்தாலும் "வேலூர்" என்ற பெயர் காதில் விழும். பாலாற்றில் தண்ணீர் இல்லாவிட்டாலும் அந்தப் பெருமை இருக்கிறது.

அந்தத் தீர்ப்பின் முன்பகுதியைப் படித்தால் உங்கள் வகுப்பறை ஞாபகம் வரும். ஒரு கிலோ தோல் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர், குரோம் முறையில் சேரும் ரசாயனங்கள், கழிவுநீரில் கரைந்திருக்கும் உப்பு, முழுதாகவோ பாதியாகவோ பாழான சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் என்று போகிறது. சட்டப் பிரிவுகளெல்லாம் இதற்குப் பிறகுதான்.

குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீராதாரமே இல்லையென்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். குரோமியம் 0.05 மில்லிகிராம்தான். இந்த எண்களின் அர்த்தம் தெரிந்தவர், எதிர்த்தரப்பு நீட்டும் ஆய்வறிக்கையில் எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று உடனே பார்த்துவிடுவார். ஒரு விஷயம்: படித்து முடித்தவுடனே "நான் சுற்றுச்சூழல் வழக்கு மட்டும்தான் பார்ப்பேன்" என்று நிற்காதீர்கள். இரண்டு மூன்று வருடம் ஒரு நல்ல சிவில் சீனியரிடம் சாட்சி விசாரணை பழகுங்கள்.

அரசு வழக்கறிஞர் பட்டியலில் இடம் கிடைத்தால் நிரந்தர வேலையா? பென்ஷன் உண்டா? (சத்துவாச்சாரி)

இல்லை. அரசு பிளீடர், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய வழக்கறிஞர் எல்லாம் நியமனப் பொறுப்புகள். ஆட்சி மாறினால் பட்டியலும் மாறும். சம்பளத்தோடு நிரந்தர வேலை வேண்டுமென்றால் டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் உதவி அரசு வழக்கறிஞர் தேர்வைப் பாருங்கள். ஆனால் அது கிரிமினல் நீதிமன்ற வேலை. தனியார் நிறுவனத்தில் முழுநேரச் சம்பளத்துக்குப் போனால் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துத் தொழிலை நிறுத்தி வைக்க வேண்டும். மாதச் சம்பளத்தையும் கறுப்பு கவுனையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியாது.

அரசுத் தரப்பில் சீனியருக்கு ஜூனியராக இருந்தேன். இப்போது ஒரு தோல் தொழிற்சாலை என்னை அழைக்கிறது. போனால் துரோகம் என்கிறாள் தோழி. (ஆம்பூர்)

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். ஒரு விவகாரத்தில் ஒரு தரப்புக்கு ஆலோசனை சொல்லியிருந்தாலோ மனு எழுதிக் கொடுத்திருந்தாலோ, அதே விவகாரத்தில் எதிர்த்தரப்புக்கு நிற்கக்கூடாது. பார் கவுன்சில் விதி அது. அதே தொழிற்சாலையின் கேஸ் கட்டை நீங்கள் தொட்டிருந்தால் மறுத்துவிடுங்கள், பேச்சே வேண்டாம். வேறு நிறுவனம், வேறு வழக்கு என்றால் தடையில்லை.

துரோகம் என்ற பேச்சுக்கு என் கதையைச் சொல்கிறேன். அரசுத் தரப்பில் இருந்தபோது ஒரு கழிவுநீர் வழக்கு வந்தது. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974, பிரிவு 21-இன்படி மாதிரி எடுக்கும்போது தொழிற்சாலைக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர் முன்னிலையில் இரண்டு பாகமாகப் பிரித்து, சீல் வைத்து, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். எங்கள் கட்டில் அந்த ஒரு கையெழுத்து இல்லை. வாதாடப் போகும் முந்தைய இரவு வரை நான் கவனிக்கவேயில்லை. தண்ணீர் கறுப்பாக ஓடியதை ஊரே பார்த்திருந்தும் ஆய்வறிக்கை செல்லாமல் போனது. எதிர்த்தரப்பு வக்கீல்மேல் எனக்கு அன்று வந்த கோபம், வீடு போய்ச் சேர்வதற்குள் என்மேலேயே திரும்பிவிட்டது.

தனியாக வந்தபின் ஆலைகளுக்கும் நின்றிருக்கிறேன். நீதிமன்றத்தில் காப்பாற்றியதைவிட, இசைவாணை (ஆலை நடத்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் அனுமதி) நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டி "இதைச் சரிசெய்யாமல் என்னிடம் வராதீர்கள்" என்று அனுப்பியதுதான் அதிகம். அந்த வேலைக்கும் ஆள் வேண்டும். ஆனால் மழை நாளில் இரவோடு இரவாகக் கால்வாயில் திறந்துவிடுகிற முதலாளியின் வக்காலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆம்பூரில் யார் அப்படி என்று உங்களுக்கே தெரியும்.

பசுமைத் தீர்ப்பாயம் சென்னையில் இருக்கிறது. வேலூரிலிருந்தே தொழில் நடத்த முடியுமா? (காட்பாடி)

முடியும். காட்பாடியில் காலை ரயில் பிடித்தால் தீர்ப்பாயம் இருக்கும் சேப்பாக்கம் கலச மகாலுக்கு நேரத்துக்குப் போய்விடலாம். வழக்கு சென்னையில் நடந்தாலும் சாட்சி இங்கேதானே இருக்கிறது. பாலாற்றில் இறங்கிப் பார்க்காத வக்கீலைவிட உங்களுக்குத்தான் அனுகூலம்.

எங்கள் கிணறு கெட்டுப்போய் மூன்று வருடம் ஆகிறது. நஷ்டஈட்டில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் வழக்குப் போடுகிறேன் என்கிறார் ஒரு வக்கீல். சரியா? (வாலாஜா அருகே ஒரு விவசாயி)

ஐயா, பங்கு பேசுவதே தவறு. வழக்கின் பலனில் பங்கு கேட்க வழக்கறிஞருக்கு விதி இடம் கொடுக்கவில்லை. ஃபீஸ் எவ்வளவு என்று முன்கூட்டியே பேசி எழுதி வாங்குங்கள்.

காலக்கெடு முக்கியம். மாசைத் தடுக்கச் சொல்லும் மனுவுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தில் ஆறு மாதம்தான். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் அறுபது நாள். நஷ்டஈட்டுக்கு ஐந்து வருடம், அதனால் அந்தக் கதவு இன்னும் மூடவில்லை. கேட்கும் தொகையில் ஒரு சதவீதம் கட்டணம், குறைந்தது ஆயிரம் ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால் அதுவும் இல்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு வழக்கில் மறுபடி தீர்ப்புச் சொல்லி, பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு கொடுக்கவும் ஆற்றைச் சீர்செய்யவும் உத்தரவிட்டிருக்கிறது. அதன் நகலையும் வக்கீல் கையில் கொடுங்கள்.

வழக்குக்கு முன் இரண்டு வேலை இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் பக்கத்து ஆலையின் இசைவாணை நகலைக் கேளுங்கள். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைச் சோதிக்கக் கொடுங்கள். உங்கள் கிணற்றில் மட்டும் எடுத்தால் போதாது. ஆலையிலிருந்து தள்ளியிருக்கும் இன்னொரு கிணற்றிலும் அதே நாளில் எடுங்கள். தேதி, நேரம், உடனிருந்தவர் பெயர் எல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். அன்று மழை பெய்திருந்தால் அதையும் சேர்த்து.