நின்று கிடந்த பழைய காரில் கார்புரேட்டர் ஒழுகினால்

கேள்வி: இரண்டு வருடத்துக்கு மேல் ஓட்டாமல் நிறுத்தி வைத்திருந்த பழைய காருக்குப் புது பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்தேன். இன்ஜின் ஓடுகிறது, ஆனால் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் ஒழுகுகிறது. மூடி ஸ்குரூக்களை இறுக்கிப் பார்த்தும் நிற்கவில்லை. புது கார்புரேட்டர்தான் வாங்க வேண்டுமா?

பதில்: அநேகமாக வேண்டியிருக்காது. ஆனால் அந்த ஸ்குரூக்களை இனியும் முறுக்காதீர்கள். கார்புரேட்டர் உடம்பு மெத்தென்ற உலோகக் கலவை, அளவுக்கு மீறி இறுக்கினால் மூடி வளையும், மரை தேயும், அப்புறம் எந்த கேஸ்கெட் (மூடிக்கு இடையில் வைக்கும் சீல்) போட்டாலும் கசியும்.

கசிவை நிறுத்தும்வரை இன்ஜினை ஓட்ட வேண்டாம், பல கார்களில் எக்ஸாஸ்ட் நேர் கீழேயே இருக்கிறது. இன்ஜின் ஆறட்டும், தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும்.

எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எதையும் கழற்றாதீர்கள். வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு இன்ஜினை ஓட்டாமலே பெட்ரோலை வரவழைத்துப் பார்க்க வேண்டும். எலக்ட்ரிக் பம்ப் என்றால் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து பாருங்கள். மெக்கானிக்கல் பம்ப் என்றால் கையால் அடிக்கும் லீவர் இருக்கிறதா பாருங்கள், பலவற்றில் இருக்கும். ஓவர்ஃப்ளோ குழாயிலோ கார்புரேட்டர் வாயிலோ பெட்ரோல் வழிந்தால் நீடில் வால்வு மூடவில்லை என்று அர்த்தம். மூடி சேரும் இடத்தில் மட்டும் ஈரம் என்றால் கேஸ்கெட். ஹோஸ் முனையில் என்றால் ஹோஸ்.

என் பந்தயம் நீடில் வால்வு மேல்தான். தண்ணீர்த் தொட்டியில் உள்ள மிதவை வால்வு மாதிரிதான் இதுவும், பெட்ரோல் மட்டம் ஏறினால் புளோட் (மிதவை) எழும்பி நீடிலைத் தள்ளி வழியை அடைக்கும். நின்று கிடந்த காரில் பெட்ரோல் ஆவியாகி பழுப்பு நிறப் பிசுக்கை விட்டுப் போயிருக்கும், அதில் நீடில் ஒட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் டேங்கிலிருந்து வந்த ஒரு துளி துரு இடையில் மாட்டியிருக்கும். புளோட் இருக்கும் அறையை, அதாவது புளோட் சேம்பரை, ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டுங்கள். உடனே நின்றால் காரணம் அதுதான், ஆனால் தட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம்.

மூடியைக் கழற்றி, நீடிலையும் அது உட்காரும் சீட்டையும் கார்புரேட்டர் கிளீனரால் கழுவுங்கள். நீடில் கூம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், சின்ன பள்ளம் தட்டுப்பட்டால் நீடிலையும் சீட்டையும் ஜோடியாக மாற்றிவிடுவதே நல்லது. அடுத்து புளோட்டைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே சளசளவென்று கேட்டால் ஓட்டை, அது கனத்து மூழ்கும், எத்தனை புது நீடில் போட்டாலும் ஒழுகும். சந்தேகமாக இருந்தால், அடுப்பை அணைத்துவிட்டு வெந்நீரை வெளியே எடுத்து வந்து புளோட்டை முக்கிப் பாருங்கள், ஓட்டை இருந்தால் குமிழி வரும். பித்தளை புளோட்டை நீங்களே சால்டர் வைத்து அடைக்கப் போகாதீர்கள், உள்ளே பெட்ரோல் ஆவி இருந்தால் வெடிக்கும். பூட்டும்போது புளோட் உயரத்தை உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ளபடி வையுங்கள்.

கேஸ்கெட் காய்ந்து சுருங்கியிருந்தால் பெட்ரோலில் ஊறிக் கொஞ்சம் உப்பும், சில சமயம் கசிவு தானாகவே நிற்கும். நான் அதை நம்ப மாட்டேன், எப்படியும் மூடியைத் திறக்கிறீர்கள், ரிப்பேர் கிட்டில் வரும் புதியதையே போடுங்கள். சிலிக்கான் பசை மட்டும் கூடவே கூடாது, பெட்ரோலில் அது உப்பிப் பிய்ந்து ஜெட்டை (பெட்ரோல் போகும் சிறு துளையை) அடைக்கும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுக்கும், எனவே ஹோஸ்களை மொத்தமாக மாற்றுங்கள். எத்தனால் தாங்கும் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 ரகம் என்று கேட்டு வாங்குங்கள். டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, கார்புரேட்டருக்கு முன்னால் புது ஃபில்டரும் போடுங்கள், இல்லாவிட்டால் அதே துரு மறுபடி நீடிலில் வந்து உட்காரும்.

இத்தனையும் செய்தும் வழிந்தால் பம்பின் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். பழைய கார்புரேட்டர்கள் பெரும்பாலும் 2 முதல் 4 பிஎஸ்ஐக்குள் தாங்கும், இடையில் யாராவது வேறு எலக்ட்ரிக் பம்ப் மாட்டியிருந்தால் அதைத் தாண்டியிருக்கலாம். ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், வழிந்தது இன்ஜினுக்குள்ளும் இறங்கியிருக்கிறது, அல்லது மெக்கானிக்கல் பம்பின் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்திருக்கிறது. எதுவானாலும் ஆயிலை மாற்றிவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும்.