குகை வேலைக்கு 900 டாலர் கேட்கிறார்கள்: கொடுக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு வயது 22. அமெரிக்காவில் பிறந்தவர். நிலவியலில் இளநிலைப் பட்டம் முடிக்கப் போகிறார். தேசிய வனங்களில் உள்ள குகைகளைப் பராமரிக்கும் சீசன் வேலைக்குத்தான் போவேன் என்கிறார். ஆறு மாத வேலை என்கிறார்கள், அதற்கப்புறம் என்ன என்று தெரியவில்லை. தெரிந்தவர் மூலம் வந்த கன்சல்டன்ட் ஒருவர் 900 டாலர் கொடுத்தால் ஃபெடரல் ரெஸ்யூமே எழுதித் தந்து, வனத்துறையில் உள்ளே சொல்லியும் வைப்பதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? குகைக்குள் வேலை என்பதால் என் மனைவிக்குப் பயமும் இருக்கிறது.
- டெக்சாஸிலிருந்து ஒரு தந்தை

பதில்: கொடுக்க வேண்டாம். ஒரு டாலர்கூட வேண்டாம். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம், இதை மட்டும் இன்றைக்கே முடித்துவிடுங்கள்.

அமெரிக்க வனத்துறையின் சீசன் வேலைக்கு அறிவிப்பு வருவதும் விண்ணப்பம் போடுவதும் யுஎஸ்ஏஜாப்ஸ் என்ற அரசு இணையதளத்தில். கணக்குத் தொடங்கக் கட்டணம் இல்லை, விண்ணப்பிக்கவும் கட்டணம் இல்லை. உள்ளே சொல்லி வைக்கிறேன் என்பவர் பெரும்பாலும் யாரிடமும் சொல்வதில்லை, பணத்தை வாங்கிக்கொண்டு நீங்களே போடக்கூடிய விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார். உண்மையிலேயே யாரிடமாவது போய்ச் சொன்னால் இன்னும் மோசம். குகை மேலாண்மை மிகச் சிறிய உலகம். ஒரு வன மாவட்டத்தில் குகைகளுக்குப் பொறுப்பாளர் பெரும்பாலும் ஒருவர்தான், அவருக்கு அடுத்த மாநிலத்துப் பொறுப்பாளரைத் தெரியும். சிபாரிசுக்கு ஆள் அனுப்பிய பெண் என்று ஒரு தடவை பேச்சு வந்தால் அது சீக்கிரம் போகாது.

ரெஸ்யூமே எழுதிக் கொடுப்பவர்கள் மேல் எனக்கு இன்னொரு கோபமும் உண்டு. ஃபெடரல் ரெஸ்யூமே என்றால் ஐந்தாறு பக்கம் இருக்க வேண்டும் என்று பல வருடங்களாகச் சொல்லியே சம்பாதித்தார்கள். 2025 செப்டம்பர் 27 முதல் இரண்டு பக்கம்தான் வரம்பு. இது தெரியாமல், அல்லது தெரிந்தும் பழைய அச்சையே விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த இரண்டு பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்பது ரகசியமே இல்லை. செய்த ஒவ்வொரு வேலைக்கும் தொடங்கிய மாதம், முடித்த மாதம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று எழுத வேண்டும். சம்பளமில்லாத வேலையையும் அப்படியே எழுதலாம். பகுதிநேரம் என்று மட்டும் எழுதினால் அனுபவத்தைக் கணக்கிட முடியாமல் ஒதுக்கிவிடுவார்கள். நல்ல பிள்ளைகள் பலர் இங்கேதான் கழன்றுபோகிறார்கள். அறிவிப்பை வரி வரியாகப் படித்து, அதில் கேட்ட ஒவ்வொன்றுக்கும் தான் செய்த வேலையிலிருந்து பதில் எழுத உங்கள் மகளுக்கு ஒரு வார இறுதி போதும்.

இன்னொன்று. குகை என்று தேடினால் வேலை அகப்படாது. இந்த வேலைகள் பிசிகல் சயின்ஸ் டெக்னீஷியன், பயாலஜிகல் சயின்ஸ் டெக்னீஷியன், ஃபாரஸ்ட்ரி டெக்னீஷியன் என்ற பெயர்களுக்குள் ஒளிந்திருக்கும். கடமைகள் பகுதியைத் திறந்து படித்தால்தான் உள்ளே குகை என்ற சொல் வரும். நான்கு வருடப் பட்டமும் அதில் பொருத்தமான பாடங்களும் இருந்தால் ஜிஎஸ்-5 என்ற மத்திய அரசுச் சம்பள நிலைக்கு விண்ணப்பிக்கலாம். நிலவியல் படித்தவருக்கு அது போதும். கோடை வேலைக்கான அறிவிப்பு முந்தைய இலையுதிர் காலத்திலேயே வந்துவிடும், மே மாதத்தில் தேடத் தொடங்கினால் காலம் கடந்துபோயிருக்கும்.

சரி, ஆறு மாதம் என்ற கவலைக்கு வருகிறேன். வாரத்துக்கு 40 மணி நேரம், 26 வாரம் என்றால் 1,040 மணி நேரம். தற்காலிக சீசன் ஊழியரை ஒரு வேலை ஆண்டில் இந்த எல்லையைத் தொடாமல் வைத்தால் அடுத்த வருடமும் அதே இடத்துக்குத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம் என்பது விதி. அதனால்தான் எங்கும் 1,039 என்ற எண்ணைப் பார்ப்பீர்கள். அந்த ஒரு மணி நேரத்தைக் காப்பாற்ற, பாதி வேலையில் ஆளை வீட்டுக்கு அனுப்புவார்கள். குளிர்காலத்தில் வௌவால் கணக்கெடுப்பு நடக்கும் நேரத்தில், அந்தக் குகையைக் கோடை முழுக்கப் பார்த்த ஆள் பக்கத்தில் இருக்க மாட்டார். ஆண்டுதோறும் மாறாத குகைக்கு ஆண்டுதோறும் மாறுகிற ஆட்களை வைத்துக்கொண்டு பாதுகாப்பு என்கிறோம். இது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

இதிலிருந்து நிரந்தர வேலைக்கு இரண்டு பாதைகள் உண்டு. முதலாவது 2015-ல் வந்த சட்டம். போட்டி முறையில் தேர்வாகி, நிலப் பராமரிப்புத் துறைகளில் தற்காலிகமாக மொத்தம் 24 மாதங்களுக்கு மேல், இடையில் இரண்டு வருட இடைவெளி விழாமல், குறை சொல்ல முடியாதபடி வேலை செய்தவர், துறைக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் திறக்கிற நிரந்தரப் பணியிடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். ஆறாறு மாதமாகச் சேர்த்தால் நான்கு சீசன் தாண்டி ஐந்தாவதில் கால் வைக்க வேண்டும்.

இரண்டாவதை நன்றாகக் கவனியுங்கள், உங்கள் மகளின் வயதுக்கு இதுதான் உகந்தது. பப்ளிக் லேண்ட் கோர் என்ற திட்டம். வயது 16 முதல் 30 வரை. வனத்துறையோ தேசியப் பூங்காவோ ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புடன் ஒப்பந்தம் போட்டு இளைஞர்களை எடுக்கும். ஸ்டூடண்ட் கன்சர்வேஷன் அசோசியேஷன் போன்ற அமைப்புகள் இப்படி ஆள் எடுக்கின்றன. பொது நிலத்தில் தகுதியான பாதுகாப்பு வேலையில் மொத்தம் 640 மணி நேரம் முடிக்க வேண்டும், அதில் குறைந்தது 120 மணி நேரம் இந்தத் திட்டத்தின் கீழ் இருக்க வேண்டும். முடித்தால் இரண்டு வருடத்துக்கு, வெளிப் போட்டியில் நிற்காமல் நேரடியாக விண்ணப்பிக்கும் தகுதி கிடைக்கும். முன்பு அது 120 நாள்தான். 2019-ல் சட்டம் திருத்தி இரண்டு வருடமாக்கினார்கள்.

ஆனால் எல்லா இன்டர்ன்ஷிப்பும் இந்தக் கணக்கில் வராது. ஒரே அமைப்பு, ஒரே வனம், ஒரே சீருடை, பக்கத்துப் பக்கத்துக் கூடாரம். ஒருவருடைய பணியிடம் இந்தத் திட்டத்தின் கீழ் வரும், மற்றவருடையது வராது. அறிவிப்பில் பளிச்சென்று எழுதியும் இருக்காது. சேரும் முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள்: இந்தப் பணியிடம் பப்ளிக் லேண்ட் கோர் தகுதிக்கு உட்பட்டதா, முடித்ததும் சான்றிதழ் தருவீர்களா? தொலைபேசியில் ஆமாம் என்று சொன்னால் போதாது, எழுத்தில் வர வேண்டும். வாரா வாரம் மணிக்கணக்கை உங்கள் மகள் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளட்டும். கடைசி நாளன்று பொறுப்பாளர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் கையில் வராமல் ஊருக்கு வண்டி ஏறக் கூடாது.

எனக்கு அது நடந்தது. ஒரு கோடை முழுக்கக் குகை வாசல்களைக் கணக்கெடுத்தேன். மணி நேரம் முடிந்தது. தாளைப் பிறகு அனுப்புகிறோம் என்றார்கள். பிறகு அந்த ஒருங்கிணைப்பாளர் வேலை மாறினார், அவருக்கு அடுத்து வந்தவருக்கு என் பெயரே தெரியவில்லை. நான் குறித்து வைத்திருந்த நோட்டை யாரும் ஏற்கவில்லை. அந்தத் தாள் இருந்திருந்தால் இரண்டு சீசன் எனக்கு மிச்சம். சீசன் வேலையில் சேர்ந்த பிறகும் இதே கதைதான். நியமனத்துக்கும் விடுவிப்புக்கும் எஸ்எஃப்-50 என்ற படிவம் தருவார்கள். ஒவ்வொன்றையும் நகலெடுத்து வீட்டில் வைத்திருங்கள். ஐந்து வருடம் கழித்து 24 மாதக் கணக்கைக் காட்ட அதுதான் சாட்சி.

தகுதி கிடைப்பதும் வேலை கிடைப்பதும் வேறு வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2024 செப்டம்பரில் வனத்துறை, 2025 நிதியாண்டில் தீயணைப்புத் தவிர மற்ற தற்காலிக சீசன் ஆட்களை எடுக்கப் போவதில்லை என்று அறிவித்தது. பணம் இல்லை என்பது காரணம். அடுத்த பிப்ரவரியில் தகுதிகாண் காலத்தில் இருந்த சுமார் 2,000 பேரை வெளியே அனுப்பினார்கள். ஆகவே மகள் ஒரு வாசலை மட்டும் நம்பி நிற்க வேண்டாம். வனத்துறையோடு தேசியப் பூங்காத் துறையிலும், நில மேலாண்மைப் பணியகத்திலும், பாதுகாப்பு அமைப்புகளிலும் ஒரே சமயத்தில் விண்ணப்பிக்கட்டும். இதைப் படிக்கும் கிரீன் கார்டு குடும்பங்களுக்கு ஒரு வரி: மத்திய அரசின் இந்த வேலைகள் சிட்டிசனுக்குத்தான், பாதுகாப்பு அமைப்புகளின் திட்டங்களில் நீங்களும் சேரலாம்.

இனி, 900 டாலர் கொடுத்தும் வாங்க முடியாத ஒன்று. தேர்வு செய்பவர் பட்டத்துக்கு அடுத்தபடியாகப் பார்ப்பது, இந்த ஆளை நம்பிக் குகையைக் காட்டலாமா என்பதைத்தான். 1988-ல் வந்த மத்தியக் குகைவளப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, முக்கியமான குகை என்று பட்டியலிட்டவற்றின் இருப்பிடத்தைத் துறை பொதுவில் வெளியிடாது. தகவல் உரிமை கோரி மனுப் போட்டாலும் கிடைக்காது. குகையைச் சேதப்படுத்தினால் முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை. அப்படிப்பட்ட வேலைக்கு வருகிற பிள்ளை, தான் போன குகையின் வாசலை இடக்குறிப்போடு இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தால், ரெஸ்யூமேயில் எத்தனை நல்ல வார்த்தை எழுதினாலும் பயனில்லை. உங்கள் மகள் இன்றைக்கே தன் பழைய பதிவுகளைப் பார்க்கட்டும். வாசல் படம், பின்னால் அடையாளம் தெரிகிற மலைமுகடு, எல்லாவற்றையும் எடுத்துவிடட்டும். ரெஸ்யூமேயிலும் குகையின் பெயர் வேண்டாம், எந்த வனம், என்ன வேலை என்று எழுதினால் போதும்.

அந்த நம்பிக்கையை எங்கே சம்பாதிப்பது? 1941-ல் தொடங்கிய நேஷனல் ஸ்பீலியாலஜிகல் சொசைட்டிக்கு ஊருக்கு ஊர் கிளைகள் உண்டு, க்ராட்டோ என்பார்கள். டெக்சாஸிலும் இருக்கின்றன. மாதக் கூட்டத்துக்குப் போனால் யாரும் முதல் நாளே குகைக்குக் கூட்டிப்போக மாட்டார்கள். குப்பை அள்ளவும் கிறுக்கல் துடைக்கவும் கூப்பிடுவார்கள். அதற்குப் போகட்டும். அளவெடுக்கும் குழுவில் நோட்டுப் பிடிக்கக் கற்றுக்கொள்ளட்டும். ஒரு வருடத்தில் அவருடைய பெயரைச் சொல்லத் தயாராக இரண்டு பேர் இருப்பார்கள். உள்ளே சொல்லி வைப்பது என்றால் உண்மையில் இதுதான்.

வேலை எப்படி இருக்கும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளைப் பாறைத் திரை ஒன்றின் அடியில் யாரோ சேற்றுக் காலை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். தெளிப்பான், ஸ்பாஞ்சு, மென்மையான பிரஷ் இவற்றோடு மண்டியிட்டு, அந்த ஒரு பூட்ஸ் தடத்தைச் சேறு கீழே வழியாமல் ஒற்றி ஒற்றி எடுக்க ஒரு முழு மதியம் ஆகும். அழுத்தித் தேய்த்தால் பாறை மங்கிவிடும். விட்டுவிட்டால் சொட்டும் நீர் சேற்றின் மேல் சுண்ணாம்பைப் பூசி, தடத்தைப் பாறையோடு பாறையாக மூடிவிடும். மறுநாள் வாசல் கம்பிக்கதவைச் சோதிப்பார்கள். கம்பிகள் படுக்கைவாக்கில், ஐந்தே முக்கால் அங்குல இடைவெளியில் இருக்கும். வௌவால் நுழையும், மனிதர் நுழைய முடியாது. யாராவது அறுத்திருக்கிறார்களா என்று ஒவ்வொரு பற்றவைப்பையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

மாலையில் கருவிகளைச் சுத்தம் செய்வது தனி வேலை. 2006-ல் நியூயார்க் மாநிலக் குகையில் முதலில் தென்பட்ட வெண்மூக்கு நோய், குளிர்கால உறக்கத்தில் இருக்கும் வௌவால்களை எழுப்பி, சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைத்துக் கொல்கிற பூஞ்சை நோய். 2016-ல் வாஷிங்டன் மாநிலத்தில் தென்பட்டது, அதற்கு முன் தெரிந்திருந்த மேற்கெல்லையிலிருந்து சுமார் 1,300 மைல் தள்ளி. துணியிலும் காலணியிலும் அந்தப் பூஞ்சையின் நுண்வித்து ஒட்டிக்கொண்டு பயணம் போகக்கூடும். அதனால் சேற்றைத் தேய்த்துக் கழுவி, 55 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 20 நிமிடம் முழுக்க மூழ்க வைக்க வேண்டும். களைத்துப் போன நாளிலும் பத்து நிமிடத்தில் எடுக்கக் கூடாது. ஒரேகானின் லாவா ரிவர் குகை போன்ற, பொதுமக்கள் நிறைய வரும் இடங்களில், இந்தக் காலணியோடு வேறு குகைக்குப் போனீர்களா என்று ஒவ்வொருவரிடமும் கேட்பதே ஊழியரின் நாள் முழுக்க வேலை. அலாஸ்காவின் டாங்காஸ் வனத்தில் எல் கேப்பிடன் குகைக்குக் கோடையில் வழிகாட்டிகளை வைத்ததுண்டு. முதல் சீசனுக்கு இப்படிப்பட்ட இடங்கள் நல்லவை. கயிற்றில் இறங்குகிற நியூ மெக்சிகோ குகைகள் அப்புறம் வரட்டும்.

கடைசியாக உங்கள் மனைவியின் பயம். ஒழுங்காக நடத்துகிற இடத்தில் யாரும் தனியாக உள்ளே போவதில்லை. ஹெல்மெட், தனித்தனியான மூன்று விளக்குகள், மாற்றுப் பேட்டரி எப்போதும் உண்டு. மழை முன்னறிவிப்பு இருந்தால் நீரோடும் குகைக்குள் போகக் கூடாது. உலர்ந்த வௌவால் எச்சத் தூசி நுரையீரலைத் தாக்கும், அங்கே முகக்கவசம் வேண்டும். நான் பார்த்த வரையில் குகையைவிட வனத்து மண் சாலையில் வண்டி ஓட்டுவதுதான் அதிக ஆபத்து, அதைக் கோடைக்கு முன்பே பழகிக்கொள்ளட்டும். நேர்காணலில் உங்கள் மகள் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்க வேண்டும்: நாங்கள் உள்ளே போகும்போது வெளியே யாரிடம் நேரம் சொல்லிவிட்டுப் போகிறோம், அந்த நேரம் தாண்டினால் அவர் என்ன செய்வார்? பெயரும் மணியும் சொல்லித் தெளிவாகப் பதில் வராத இடத்துக்கு அவர் போக வேண்டாம்.