செல்லுக்கு ஸ்ட்ரெஸ் வந்தா என்ன பண்ணும்? கேள்வி பதில்

கேள்வி: செல்லுக்கு ஸ்ட்ரெஸ்னா நம்ம டென்ஷன் மாதிரியா அக்கா?

பதில்: இல்லப்பா, அது வேற. சூடு ஏறுறது, ஆக்சிஜன் குறையுறது, குளுக்கோஸ் கிடைக்காம போறது, இதெல்லாம்தான் செல்லுக்கு ஸ்ட்ரெஸ்.

கேள்வி: சூடு பட்டா செத்துத்தானே போகும்?

பதில்: ரொம்ப சூடுன்னா செத்துரும், கொஞ்சமா ஏறினா சமாளிக்கும். இத்தாலிக்காரர் ஃபெருச்சியோ ரிட்டோசா பழ ஈ லார்வாவோட குரோமோசோமை மைக்ரோஸ்கோப்ல பாத்துட்டிருந்தாரு, இன்குபேட்டர் சூடு தெரியாம ஏறிப்போய் குரோமோசோம்ல வழக்கமில்லாத எடமெல்லாம் உப்பிக்கிட்டு நின்னுச்சு, அதை 1962ல எழுதினாரு. உப்புற எடத்துல ஜீன் மும்முரமா வேலை செய்யுதுன்னு அர்த்தம். அதுலருந்து வர்றதுதான் ஹீட் ஷாக் புரோட்டீன். சூட்டுல மத்த புரோட்டீனெல்லாம் மடிப்பு கலைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கப் பாக்கும், இதுங்க நடுவுல பூந்து ஒட்டவிடாம பிடிச்சு மறுபடி ஒழுங்கா மடிய வைக்கும்.

கேள்வி: இதை வெச்சு மருந்து ஏதாவது வந்திருக்கா?

பதில்: வந்திருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான். மல்டிபிள் மைலோமாங்கற ரத்தப் புற்றுநோய்ல கெட்டுப்போன பிளாஸ்மா செல்லுங்க ஆன்டிபாடியை ஓயாம தயாரிச்சுக்கிட்டே இருக்கும், அதனால வீணாப்போன புரோட்டீனும் எக்கச்சக்கமா சேரும், அதை உடைச்சுத் தள்றது புரோட்டியசோம். போர்டெசோமிப் மருந்து அதைப் போய் அடைச்சிரும், குப்பை உள்ளயே குவிஞ்சு செல் தாங்காம செத்துரும். 2003ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது.

ஆக்சிஜன் பக்கம் இன்னும் சுவாரசியம். ஆக்சிஜன் குறைஞ்சா ஹெச்ஐஎஃப்னு ஒரு புரோட்டீன் நிலைச்சு நின்னு, ரத்த சிவப்பணு கூடுறதுக்கான ஜீனையெல்லாம் கிளப்பிவிடும். இதைக் கண்டுபிடிச்ச கேலின், ராட்க்ளிஃப், செமென்சா மூணு பேருக்கும் 2019ல நோபல். கிட்னி பழுதானவங்களுக்கு வர்ற ரத்தசோகைக்கு ரோக்ஸாடுஸ்டாட் குடுத்து ஹெச்ஐஎஃப்பை ஏத்துறாங்க, சில கிட்னி கேன்சருக்கு பெல்ஸுடிஃபான் குடுத்து அதே குடும்பத்து ஹெச்ஐஎஃப்-2ஐ அடக்குறாங்க. அதனால "ஸ்ட்ரெஸ் பாதையைத் தூண்டுற மருந்து"ன்னு யாராச்சும் பொதுவா சொன்னா, எந்த நோய்க்கு, எந்த செல்லுலன்னு கண்டிப்பா கேளுங்க.

கேள்வி: லேசா ஸ்ட்ரெஸ் குடுத்துப் பழக்கினா பின்னாடி பெருசா வர்றதைத் தாங்கும்ங்கறாங்களே, நெஜமா?

பதில்: நாய்ங்க கிட்ட நெஜம்தான். 1986ல ஒரு சோதனை, இதயத்துக்குப் போற ரத்தக்குழாயை 5 நிமிஷம் அடைச்சு 5 நிமிஷம் திறந்து, இப்படி 4 தடவை பண்ணிட்டு அப்புறம் 40 நிமிஷம் அடைச்சாங்க. நேரா 40 நிமிஷம் அடைச்சதோட ஒப்பிட்டா செத்த தசை கால்வாசிதான். ஆனா ஹார்ட் அட்டாக் வந்தவங்க கையில பட்டை கட்டி இறுக்கி இறுக்கி விட்டு, கைக்குக் குடுக்கற அந்த லேசான ஸ்ட்ரெஸ் இதயத்தையும் காப்பாத்துமான்னு 5,000 பேருக்கு மேல பாத்தாங்க, 2019ல முடிவு வந்துச்சு, பலன் இல்ல. எனக்கும் வருத்தமாத்தான் இருந்துச்சு.

கேள்வி: அம்மாக்கு சுகர், இன்சுலின் போடுறாங்க. பட்டினி கிடந்தா செல் தானே சுத்தமாகும்னு வீடியோ பாத்துட்டு ஆரம்பிக்கப் போறாங்க.

பதில்: செல் தன்னோட பழசையே தின்னு சமாளிக்கறது உண்மை, ஆட்டோஃபேஜி, ஜப்பான் விஞ்ஞானி ஓசுமி ஈஸ்ட்ல அதோட ஜீன்களைக் கண்டுபிடிச்சதுக்கு 2016ல நோபல் வாங்கினாரு. ஆனா இன்சுலின் போட்டுட்டு சாப்பிடாம இருந்தா சுகர் சட்டுனு எறங்கி மயக்கமாயிரும்பா. டாக்டர்கிட்ட பேசி டோஸ் மாத்தாம ஆரம்பிக்க விடாதீங்க, இன்னைக்கே சொல்லிடுங்க.