பதினொரு முறை மக்களவைக்கு: இந்திரஜித் குப்தா பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: மக்களவைக்கு அதிக முறை வென்றவர் வாஜ்பாய்தானே ஐயா? போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன்.

பதில்: இல்லை அம்மா. வாஜ்பாய் வென்றது 10 முறை. சோம்நாத் சாட்டர்ஜியும் 10 முறை. இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் இந்திரஜித் குப்தா 11 முறை வென்றார். 1960இல் கல்கத்தாவில் நடந்த இடைத்தேர்தலில் முதல் வெற்றி. கடைசியாக வென்றது 1999இல்.

கேள்வி: எல்லாம் ஒரே தொகுதியிலா?

பதில்: கல்கத்தா தென்மேற்கு, அலிப்பூர், பசீர்ஹாட், கடைசி ஐந்து முறை மேதினிப்பூர்.

கேள்வி: தோற்றதே இல்லையா?

பதில்: 1977இல் தோற்றார். நெருக்கடி நிலையை அவருடைய கட்சி ஆதரித்திருந்தது, மக்கள் மன்னிக்கவில்லை. முந்தைய அவையில் 23 பேர் இருந்த கட்சிக்கு அந்தத் தேர்தலில் 7 இடங்களே மிஞ்சின. 1980இல் மீண்டும் மக்கள் முன் போய் நின்று வென்று வந்தார். அவர் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனாலும் நெருக்கடி நிலையை ஆதரித்தது பெரும் பிழை என்றே சொல்வேன்.

கேள்வி: அவரைத் தற்காலிக சபாநாயகர் என்று ஒரு பழைய செய்தியில் படித்தேன். அது என்ன பதவி?

பதில்: புதிய மக்களவை கூடும்போது சபாநாயகர் இன்னும் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க மாட்டார். அதுவரை அவையை நடத்த, மூத்த உறுப்பினர் ஒருவரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பது மரபு. உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து உறுதிமொழி எடுப்பார்கள்; தற்காலிக சபாநாயகருக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்திடுவார்கள். 1991, 1996, 1998, 1999 ஆகிய நான்கு அவைகளிலும் அந்த நாற்காலியில் இருந்தவர் இவர். பிரதமரானாலும் முதல்முறை வென்று வந்தவரானாலும் அவர் முன்னால்தான் உறுதிமொழி.

கேள்வி: கம்யூனிஸ்ட் ஒருவர் உள்துறை அமைச்சராக இருந்தாரா? நம்ப முடியவில்லையே!

பதில்: இருந்தார். 1996 முதல் 1998 வரை தேவகௌடா, குஜ்ரால் இருவரின் அமைச்சரவையிலும் அவரே உள்துறை அமைச்சர். 1948இல் மேற்கு வங்கத்தில் கட்சி தடை செய்யப்பட்டபோது தலைமறைவாக வாழ்ந்தவர் அவர். தன் தோழர்களைப் போலீஸ் தேடித் திரிந்த காலத்தைக் கண்டவர், அந்தப் போலீஸ் கோப்புகள் வந்து சேரும் மேசையில் உட்கார்ந்தார். நம் நாடாளுமன்ற வரலாற்றில் என் மனத்தை இவ்வளவு தொட்ட திருப்பம் வேறில்லை.

கேள்வி: இத்தனை ஆண்டுப் பதவியில் என்ன சேர்த்தார்?

பதில்: டெல்லியில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் தங்கும் வெஸ்டர்ன் கோர்ட் விடுதியில் இரண்டு அறைகளில் குடியிருந்தார். அமைச்சரான பிறகும் பங்களாவுக்குப் போகவில்லை. இத்தனைக்கும் ஆங்கிலேயர் காலத்து உயர் நிர்வாகப் பணியான ஐ.சி.எஸ். அதிகாரி ஒருவரின் பேரன், கேம்பிரிட்ஜில் படித்தவர். அந்தப் படிப்போடு ஊர் திரும்பி, சணல் ஆலைத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்து உழைத்தார்.

கேள்வி: தேர்தல் செலவை அரசே ஏற்கலாம் என்று சொன்ன குழு இவருடையதா?

பதில்: ஆம், 1998இல் அமைந்த குழு. அரசு உதவியைப் பணமாகத் தராமல் பொருளாகவும் வசதியாகவும் தரலாம், அதுவும் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் வேட்பாளர்களுக்கு மட்டும் என்றது. சுயேச்சைகளை விலக்கியதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பரிந்துரை முழுமையாக நிறைவேறுவதை அவர் பார்க்கவில்லை. 2001 பிப்ரவரி 20 அன்று காலமானார். அன்றும் அவர் மேதினிப்பூர் உறுப்பினர்.