நாற்பதைத் தாண்டிய பிறகு ஒரு புது மொழி மண்டையில் ஏறுமா?

ஏறும். ஆனால் எல்லாம் ஒரே வேகத்தில் ஏறாது, சிலது கடைசி வரைக்கும் வாசலிலேயே நிற்கும். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். 43 வயதில் இந்தி கற்க ஆரம்பித்தது ஆசைப்பட்டு இல்லை. செக்கிங் டேபிளில் பாதிப் பேர் ஒடிசா, பீகார், உத்தரப் பிரதேசப் பெண்கள் ஆகிவிட்டார்கள், பீஸில் ஓட்டை இருக்கிறது என்று சொல்வதற்குக்கூட அயர்னிங் பையனை மொழிபெயர்க்கக் கூப்பிட வேண்டியிருந்தது.

முதலில் முப்பது நாளில் இந்தி வகையறாப் புத்தகம் ஒன்றை வாங்கி, ராத்திரி பாத்திரம் கழுவி வைத்த பிறகு பத்திப் பத்தியாக மனப்பாடம் செய்தேன். காலையில் கம்பெனி வண்டி ஏறும்போது பாதியைக் காணோம். சரி, வயசாகிப் போச்சு என்று விட்டுவிட்டேன். அப்புறம்தான் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியரைப் பற்றிப் படித்தேன். அர்த்தமே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்கெழுதி 1885-இல் வெளியிட்டவர். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் கழன்றுவிட்டது. அவருக்கு அப்போது வயது முப்பதை ஒட்டித்தான். அதனால் மறதிக்கு வயதை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்.

எனக்கு ஒட்டிக்கொண்ட சொற்கள் எல்லாம் டேபிளில் ஒட்டியவைதான். ஓட்டைக்கு சேத், கறைக்கு தாக், நூலுக்கு தாகா. பீஸைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரில் ஒருத்தி காத்திருக்கும்போது அந்தச் சொல்லைத் தொண்டையிலிருந்து பிடுங்கி எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பீஸ் அப்படியே பேக்கிங்குக்குப் போய்விடும். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் மாணவர்களை வைத்துப் பார்த்ததும் இதையே காட்டியது: பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்தும் அதிகம் நினைவில் நின்றது. தூக்கமும் முக்கியம். பகலில் ஹிப்போகேம்பஸ் (புது ஞாபகங்களைப் பிடித்து வைக்கும் மூளைப் பகுதி) பிடித்து வைத்ததை மூளை உறுதிப்படுத்துவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஷிப்மெண்ட் நெருக்கடியில் ராத்திரி ஒரு மணி வரைக்கும் நின்ற வாரங்களில் எனக்கு ஒரு சொல்கூட ஏறவில்லை.

சொல் இப்படி வந்துவிடும். இலக்கணம்தான் இடக்கு பண்ணும். இந்தியில் டீ பெண்பால், தண்ணீர் ஆண்பால். டீ ஆறினால் டண்டீ, தண்ணீர் ஆறினால் டண்டா. நமக்கு உயிரில்லாதது எல்லாம் அஃறிணை, தீர்ந்தது. (ஒடிசாப் பெண்களும் இதில் தடுமாறுவார்கள், ஒடியாவிலும் பொருள்களுக்கு ஆண்பால் பெண்பால் கிடையாது. அது எனக்குப் பெரிய ஆறுதல்.) விதி என்ன என்று கேட்டால் டக்கென்று சொல்லிவிடுவேன், ஆனால் வாய் தப்பாகத்தான் பேசும்.

இது ஏன் என்று ஹென்றி மொலைசன் கதையைப் படித்தபோதுதான் ஓரளவு பிடிபட்டது. 1953-இல் வலிப்புக்காக அவருக்கு மூளையின் இரண்டு பக்கத்து ஹிப்போகேம்பஸிலும் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு நடந்தது எதுவும் அவருக்கு நிலைக்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னால் நாளுக்கு நாள் கை தேறிக்கொண்டே வந்தது, முந்தின நாள் வரைந்தது மட்டும் நினைவில்லை. தெரிந்து வைப்பது ஒரு ஞாபகம், பழகிக்கொள்வது வேறு ஞாபகம். ஓவர்லாக் மிஷினில் பெடலை எவ்வளவு மிதிப்பது என்று எந்த டைலராலும் வாயால் சொல்ல முடியாது, காலுக்குத் தெரியும். குழந்தைக்கு இலக்கணம் அந்த வழியாகப் போகிறது. நமக்கு முதலில் புத்தி வழியாக வந்து, பிறகு மெதுவாகத்தான் நாக்குக்கு இறங்குகிறது. 2018-இல் ஏறத்தாழ 6.7 லட்சம் பேரை ஆன்லைனில் ஆங்கில இலக்கணக் கேள்விகளுக்குப் பதில் எழுத வைத்த ஆய்வு ஒன்று, இலக்கணம் கற்கும் திறன் 17 வயது வாக்கில்தான் சரியத் தொடங்குகிறது என்றது. அந்தக் கணக்கை மறுத்தவர்களும் உண்டு.

காது கதை இன்னும் மோசம். சாப்பாடு, பாட்டு, ஒற்றைக் கண்ணன், மூன்றையும் தமிழில் எழுதினால் ஒரே கானாதான். மதிய மணி அடித்ததும் பெருமையாக "கானா காயா?" என்றேன். சாப்பிட்டாயா என்று கேட்டதாக நினைப்பு. அவர்கள் காதில் பாட்டுப் பாடினாயா என்று விழுந்திருக்கிறது. டேபிளே சிரித்தது, ஒருத்தி பாடவே ஆரம்பித்துவிட்டாள். ஜேனட் வெர்க்கர் என்ற உளவியலாளர் 1984-இல் காட்டியது இதைத்தான்: ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஏழெட்டு மாதத்தில் இந்தியின் ட, த இரண்டையும் பிரித்துக் கேட்கின்றன, ஒரு வயதை நெருங்கும்போது அந்தத் திறன் போய்விடுகிறது. ட, த நமக்குச் சர்வசாதாரணம், ஆனால் அந்தக் கானாக்களின் வித்தியாசத்துக்கு என் காது 42 வருஷத்துக்கு முன்பே கதவைச் சாத்திவிட்டது.

கான்பூர் பக்கத்துப் பெண் ஒருத்தி வேலை செய்கிறாள், அவள் மகளுக்கு ஐந்து வயது. "அம்மாக்கு நாளைக்கு லீவு வேணுமாமுங்க" என்று நம்ம ஊர்த் தமிழில் வந்து நிற்கும். போன வாரம் நான் டண்டா சாய் என்றதும், "டண்டீங்க" என்று திருத்தியது. ஏன் கண்ணு என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அப்படித்தானுங்க சொல்லோணும்" என்றது.