லேத் பட்டறைக்கு இணையம் வழியே பங்கு முதல் திரட்டலாமா?

அமெரிக்காவில் சிறு நிறுவனங்கள் இணையத்தில் பொதுமக்களுக்குப் பங்கு விற்று முதல் திரட்டுகின்றனவே, வியாசர்பாடியில் லேத் பட்டறை நடத்தும் நானும் அப்படிச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தண்டையார்பேட்டையில் சிறு தொழில்களுக்குக் கணக்கும் வரியும் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: நம் நாட்டுச் சட்டத்தில் அதற்கு இன்னும் வழியில்லை.

அமெரிக்காவில் 2012 ஏப்ரலில் ஒபாமா கையெழுத்திட்ட ஜாப்ஸ் சட்டம் இதற்கு வழிவிட்டது. விதிகள் நடைமுறைக்கு வர 2016 மே ஆயிற்று. தொடக்கத்தில் ஓராண்டுக்குச் சுமார் 10 லட்சம் டாலராக இருந்த உச்சவரம்பு, 2021 மார்ச்சில் 50 லட்சம் டாலரானது. இருந்தாலும் பதிவுபெற்ற இணையத்தளம் அல்லது தரகர் வழியாகத்தான் திரட்ட வேண்டும். கணக்கு விவரங்களை வெளியிட வேண்டும். அறிவித்த இலக்குத் தொகை சேராவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். வாங்கியவர் பொதுவாக ஓராண்டுக்குப் பங்கைக் கைமாற்ற முடியாது. பணம் போடுபவருக்கு இத்தனை காவல் இருப்பதால்தான் அந்தத் தளர்வு அங்கே நிலைத்தது என்பது என் கருத்து.

இங்கே பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2014 ஜூனில் இது குறித்துக் கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது, அது விதியாகவில்லை. 2016 ஆகஸ்டில் அனுமதியற்ற இணையத் தளங்களைப் பற்றி முதலீட்டாளர்களை எச்சரிக்கவும் செய்தது. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 42-ஆம் பிரிவின்படி, தனியார் கம்பெனி ஒரு நிதியாண்டில், முன்கூட்டியே பெயர் குறித்த 200 பேருக்கு மேல் பங்கு வழங்க முன்வரக் கூடாது. விளம்பரமும் செய்யக் கூடாது. ஆகவே, "என் கம்பெனியில் பங்கு வாங்குங்கள்" என்று வட்டாரத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதே சிக்கலாகிவிடும். மீறினால் வாங்கிய பணத்தை வட்டியோடு திருப்புவதோடு, திரட்டிய தொகை அல்லது 2 கோடி ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவரை அபராதமும் வரலாம்.

இதைவிட முக்கியமானது, நம் பகுதிப் பட்டறைகளில் பெரும்பாலானவை ஒரே உரிமையாளரின் பெயரில் நடப்பவை என்பது. அவற்றில் விற்பதற்குப் பங்கே கிடையாது. பங்குக்குப் பதிலாக "மாதம் இத்தனை வட்டி" என்று ஊராரிடம் பணம் சேர்க்கத் தொடங்கினால், முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சிக்கக்கூடும். அதில் சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. (தண்டல் வட்டிக்கு அஞ்சி இந்த வழியைத் தேடுபவர்களே அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.)

சட்டப்படி திறந்திருக்கும் வழிகளில் உங்களுக்கு ஏற்றது, வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை, அதாவது எல்எல்பி, என்று நினைக்கிறேன். அதில் கூட்டாளிகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இல்லை; அவர்கள் போடும் மூலதனம் மேற்சொன்ன 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வைப்பாகக் கருதப்படுவதுமில்லை. கடனே போதுமென்றால் ரிசர்வ் வங்கியில் பதிவான பி2பி தளங்கள், அதாவது கடன் தருபவரையும் வாங்குபவரையும் நேரடியாக இணைக்கும் இணையத்தளங்கள், உண்டு. அவற்றில் ஒருவர் ஒரே கடனாளிக்கு 50,000 ரூபாய்க்கு மேல் தர முடியாது, காலமும் 36 மாதங்களைத் தாண்டாது. எல்எல்பியைத் தேர்ந்தெடுப்பதானால், இலாபப் பங்கு, விலகுபவருக்குப் பணம் தரும் முறை, மெஷின் யாருடைய சொத்து ஆகிய மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதிய பிறகே வங்கி வழியாகப் பணத்தை வாங்குங்கள்.